ரிப்பீட்டர் கேவிட்டிகளின் துப்புரவும் பராமரிப்பும்: ஜவ்வாது மலையை முன்னிட்டு ஓர் ஆய்வு

வடக்கே பாலாற்றுச் சமவெளியையும் மேற்கே ஏலகிரியையும் நோக்கியவாறு வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலை, ஒரே முகடு உடைய மலையன்று. மடிப்பு மடிப்பாகச் சரிவுகளும், அவற்றின் இடையிடையே சாமை விளையும் சிறு பள்ளத்தாக்குகளும், மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் குக்கிராமங்களும் அடங்கிய ஒரு மலைத்தொகுதி அது. ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாகவும், போளூரிலிருந்து வேறொரு வழியாகவும் ஜமுனாமரத்தூரை நோக்கி ஏறும் சாலைகளில் பிரயாணம் செய்பவர்கள், ஒரு திருப்பத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சமவெளி விரிவதையும், அடுத்த திருப்பத்திலேயே எதிர்ச்சரிவைத் தவிர வேறொன்றும் தென்படாமற் போவதையும் கண்டிருப்பார்கள். கண்பார்வைக்கு நேரும் இந்தக் கதியே, வி.எச்.எஃப். என்று வழங்கும் மிகை அதிர்வெண் வானொலி அலைகளுக்கும் ஏறக்குறைய நேர்கிறது. காட்டுத்தீ மூண்ட செய்தியையோ, பிரசவ வேதனையில் ஒரு பெண் துடிக்கும் செய்தியையோ ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்த பள்ளத்தாக்குக்குக் கையடக்கக் கருவியால் அனுப்ப முயல்பவருக்கு, இடையில் நிற்கும் மலைமடிப்பே முதல் விரோதி. உயரமான முகட்டில் நிறுத்தப்பட்டு, கீழிருந்து வரும் மெல்லிய சைகையை ஒரு அதிர்வெண்ணில் வாங்கி, அதே கணத்தில் வேறொரு அதிர்வெண்ணில் வலுவாகத் திருப்பியனுப்பும் ரிப்பீட்டர் என்ற சாதனம் இவ்விரோதத்தைத் தீர்க்கிறது. சமவெளியினின்று 600 மீட்டர் உயர்ந்த ஒரு முகட்டில் அது அமையுமானால், பூமியின் வளைவையும் காற்றுமண்டலம் அலையைச் சற்றே வளைப்பதையும் கணக்கிலெடுத்துக்கொண்டு, சுற்றிலும் சுமார் 100 கிலோமீட்டர் தூரம் அதன் பார்வைக்குள் வந்துவிடும். வனத்துறையும் காவல்துறையும் அமெச்சூர் வானொலியாளர்களும் மலையுச்சிகளை நாடுவது இதனாலேதான்.

ரிப்பீட்டரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் வாட் சக்தியையும் ஆன்டெனாவின் உயரத்தையும் பற்றியே பேசுகிறார்கள். அவ்விரண்டுக்கும் நடுவில் அலமாரியின் ஓரத்தில் நிற்கும் உலோக உருளைகளை, டூப்ளெக்ஸர் என்று வழங்கும் அந்தக் கேவிட்டித் தொகுதியை, எண்ணிப் பார்ப்போர் சிலரே. சாதனம் சரிவர இயங்குவதும் செவிடாகிப்போவதும் அவ்வுருளைகளின் நிலையைப் பொறுத்தே பெரிதும் அமைவதாலும், அவற்றைச் சுத்தம் செய்வதில் ஒன்றுக்கொன்று முரண்பட்ட அபிப்பிராயங்கள் தொழிலாளர்களிடையே நிலவுவதாலும், இவ்விஷயம் முழுவதையும் ஒருமுறை நிதானமாகப் பரிசீலிப்பது பிரயோஜனமுள்ள காரியம் என்று கருதுகிறேன்.

சிக்கலின் அளவை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். நல்ல ஏற்பி ஒன்று, 0.25 மைக்ரோவோல்ட் அளவுள்ள சைகையைக் கூடக் கேட்டுணர வல்லது. 50 ஓம் தடையில் இது ஒரு வாட்டின் எத்தனையோ லட்சம் கோடியில் ஒரு பங்கு. அதே ஆன்டெனாவில், அதே கணத்தில், 50 வாட் சக்தியோடு அனுப்பி ஒலித்துக்கொண்டிருக்கிறது. இரண்டையும் வகுத்துப் பார்த்தால், ஒலிப்பது கேட்பதைப் போல் நானூறு கோடி கோடி மடங்கு பெரிது. டெசிபல் கணக்கில் 166. இவ்வளவையும் டூப்ளெக்ஸர் ஒன்றே தாங்கவேண்டுவதில்லை, ஏற்பியினுள்ளேயே வேண்டாத அதிர்வெண்ணை விலக்கும் உறுப்புகள் உண்டு. ஆயினும் இரண்டு காரியங்களை டூப்ளெக்ஸரைத் தவிர வேறெதுவும் செய்யாது. அனுப்பியின் பிரதான அலை ஏற்பியின் முகப்பை அமுக்கி மயக்கிவிடாதபடி தடுப்பது ஒன்று. அனுப்பி தன் அலையைச் சுற்றிலும் சிந்தும் மெல்லிய இரைச்சல், ஏற்பியின் அதிர்வெண்ணிலேயே வந்து விழாதபடி அனுப்பியின் பக்கத்திலேயே அதை அறுப்பது மற்றொன்று. இவ்விரைச்சல் ஏற்பி கேட்க விரும்பும் அதே அதிர்வெண்ணில் இருப்பதால், ஏற்பியின் பக்கம் எத்தனை வடிகட்டி வைத்தாலும் விலகாது. அமெச்சூர் இரண்டு மீட்டர் அலைவரிசையில் இரண்டு அதிர்வெண்களுக்கும் இடைவெளி 600 கிலோஹெர்ட்ஸ் மட்டுமே என்பதால் அங்கே 80 முதல் 90 டெசிபல் வரை, அதாவது ஏறக்குறைய நூறு கோடியில் ஒரு பங்குக்குக் குறைக்கும் அளவுக்கு, தனிமைப்படுத்தல் தேவையாகிறது. இடைவெளி சில மெகாஹெர்ட்ஸாக அமையும் தொழில்முறைத் தொகுதிகளில் பணி சற்று எளிது.

இப்பணியைச் செய்யும் கேவிட்டியின் தத்துவம் பழமையானது. உட்குழிந்த உலோகக் குழாய்களில் மின்காந்த அலை எவ்வாறு செல்லும் என்பதை ராலே பிரபு 1897-இல் கணிதத்தால் நிறுவினார். அதற்கும் முன்னரே, 1895-இல், கல்கத்தா டவுன் ஹாலில் ஜகதீச சந்திர போஸ் மில்லிமீட்டர் அளவுள்ள அலைகளைப் பொதுமக்கள் முன்னிலையில் செலுத்திக் காட்டியிருந்தார். ரிப்பீட்டரில் காண்பது இத்தத்துவத்தின் எளிய உருவம்: செம்பாலோ அலுமினியத்தாலோ ஆன ஓர் உருளை, அதன் நடுவில் ஒரு முனை மூடியோடு இணைந்து மறுமுனை வெட்டவெளியில் நிற்கும் ஒரு தண்டு. தண்டின் நீளம் அலைநீளத்தில் கால்பங்கு ஆகும்போது அந்த அதிர்வெண் ஒன்றுக்கு மட்டும் உருளை இசைந்து முழங்கும். 146 மெகாஹெர்ட்ஸுக்கு அந்நீளம் சுமார் 51 சென்டிமீட்டர். சிறு வளையங்கள் இரண்டு உள்ளே நுழைந்து சக்தியை ஊட்டவும் வாங்கவும் செய்கின்றன. தண்டின் நீளத்தை மாற்றுவதற்காக அதன் உட்பகுதி நழுவும்படி அமைந்திருக்கிறது. நழுவும் இடத்தில் மின்னோட்டம் தடைப்படாதிருக்க, வில்விசையுள்ள பெரிலியம் செம்பு விரல்கள் வட்டமாக நின்று அழுத்திப் பிடித்துக்கொள்கின்றன. இவ்விரல்களை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நமது ஆராய்ச்சியின் பாதி இவற்றைச் சுற்றியே செல்லும்.

இசைவைத் திருத்தும் கம்பியைச் சாதாரண உலோகத்தால் செய்வதில்லை. சுமார் 36 சதவீதம் நிக்கலும் எஞ்சியது இரும்புமான இன்வார் என்ற கலப்புலோகத்தாலேயே செய்வார்கள். சார்ல்ஸ் எடுவார் கியோம் என்ற அறிஞர் 1896-இல் இதைக் கண்டறிந்தார். 1920-ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. இன்வாரின் அருமையை ஜவ்வாது மலை போன்ற ஓரிடத்தில் கணக்கிட்டுப் பார்த்தால் விளங்கும். தை மாதத்து விடியற்காலைக்கும் சித்திரை மாதத்து நடுப்பகலுக்கும் உள்ள வேறுபாடு 20 டிகிரிக்குக் குறையாது என்று வைத்துக்கொள்வோம். இசைவு முழுவதையும் செம்பே நிர்ணயிப்பதாயின், அரை மீட்டர்த் தண்டு அந்த வேறுபாட்டில் 0.17 மில்லிமீட்டர் நீளும். இசைவு அதிர்வெண் ஏறக்குறைய 50 கிலோஹெர்ட்ஸ் நகர்ந்துபோகும். அலுமினியமானால் 67. இன்வாரானால் நான்கு கிலோஹெர்ட்ஸுக்கும் குறைவு. வேண்டாத அதிர்வெண்ணை அறுக்கும் கூர்மையான தடுப்புப் பள்ளத்தின் ஆழம் முழுவதும் சில கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குள் அடங்கிவிடுவதால், 50 கிலோஹெர்ட்ஸ் நகர்வு என்பது டூப்ளெக்ஸரையே இல்லாமற் செய்வதற்கு ஒப்பாகும். ஆகவே கோடையில் மட்டும் செவிடாகி மாரியில் தெளியும் ரிப்பீட்டரைக் கண்டால், அழுக்கைத் தேடுவதற்கு முன் உஷ்ணத்தைத் தேடுவது அறிவுடைமை. உஷ்ணம் வெளியிலிருந்து மட்டும் வருவதன்று. 1.5 டெசிபல் இழப்புள்ள டூப்ளெக்ஸரில் 50 வாட் நுழைந்தால் 35 வாட்டே வெளிவரும். எஞ்சிய 15 வாட் கேவிட்டிகளையும் கேபிள்களையும் சூடாக்குவதிலேயே செலவாகிறது. நீண்ட நேரம் பேச்சு நடந்தபின் ஒரு கேவிட்டி மட்டும் மற்றவற்றைவிட வெதுவெதுப்பாக இருக்குமாயின், அதனுள்ளே எங்கோ சக்தி வீணாகிறது என்பது கைதொட்டு அறியும் சான்று.

இனி மையமான கேள்விக்கு வருவோம். தண்டும் வளையங்களும் வெள்ளி முலாம் பூசப்பட்டவை. சில ஆண்டுகள் கழித்துத் திறந்து பார்த்தால் அவை பழுப்பேறியும் கறுத்தும் காணப்படும். அதைக் கண்ட தொழிலாளியின் கை தானாகவே துணியைத் தேடுகிறது. வெள்ளி விளக்கையும் குங்குமச் சிமிழையும் திருநீற்றால் துலக்கி வெண்மையாக்கும் வீடுகளில் வளர்ந்த நமக்கு, கறுத்த வெள்ளி என்றாலே கேடுற்ற வெள்ளி என்ற எண்ணம் இயல்பாகப் படிந்திருக்கிறது. துலக்கவேண்டும் என்ற கட்சி இந்த எண்ணத்தின் மீதுதான் நிற்கிறது. பிரத்தியட்சமான அளவீட்டின் மீது அன்று.

வெள்ளியைக் கறுக்கச் செய்வது காற்றிலுள்ள ஆக்ஸிஜன் அன்று, கந்தகம். காற்றில் மிகச் சொற்பமாகக் கலந்துள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு, ஈரத்தின் துணைகொண்டு வெள்ளியின் மேற்பரப்பில் வெள்ளி சல்ஃபைடு என்ற கரும்படலத்தை உண்டாக்குகிறது. இப்படலம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும்போதும் அதன் கனம் பெரும்பாலும் ஒரு மைக்ரானில் ஒரு சிறு பங்கே. 146 மெகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் வெள்ளியினுள் இறங்கும் ஆழமோ சுமார் 5.3 மைக்ரான். மேலும் அப்படலம் மின்சாரத்தைச் சரிவரக் கடத்தாத பொருளாதலால், ஓட்டம் அதில் நுழைந்து தவிப்பதில்லை. அதைக் கடந்து, கீழேயுள்ள கறைபடாத வெள்ளியிலேயே தன் வழியைக் கொள்கிறது. எனவே, வழுவழுப்பான திறந்த பரப்பில் சீராகப் படிந்த கறுப்பு, இந்த அதிர்வெண்ணில் அளந்தறியத்தக்க தீங்கு எதையும் செய்வதில்லை என்றே சொல்லலாம்.

இதே மலையில் பல லட்சம் கோடி மைல்களுக்கு அப்பாலிருந்து வரும் ஒளியைச் சேகரிக்கும் வேறொரு உலோகப் பரப்பு இருக்கிறது. கடல்மட்டத்துக்குச் சுமார் 725 மீட்டர் உயரத்தில், காவலூரில், இந்திய வான்பௌதிக நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகத்தில் 1986 முதல் பணிபுரியும் தொலைநோக்கியின் 2.34 மீட்டர் ஆடி அது. அதன் மேலுள்ள அலுமினியப் பூச்சு ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவே கனமுடையது. அது மங்கும்போது பழைய பூச்சைக் கழுவி நீக்கி, வெற்றிட அறையினுள் புதிதாகப் பூசுகிறார்கள். அங்கே அது இன்றியமையாத காரியம், ஏனெனில் ஒளியின் அலைநீளமே அரை மைக்ரான். அந்த அளவையொட்டிய கறை ஒவ்வொன்றும் ஒளியைத் தின்றுவிடும். இரண்டு மீட்டர் வானொலி அலையோ ஒளியலையைவிட ஏறக்குறைய 40 லட்சம் மடங்கு நீண்டது. ஒளிக்குச் சுவராக நிற்கும் படலம் அதற்கு இல்லாததற்குச் சமம். ஒரே மலையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு சாதனங்களில், ஒன்றுக்குத் தர்மமாக இருப்பது மற்றொன்றுக்கு அபசாரமாகிறது என்பதை உணர்ந்தால் துலக்கும் கட்சியின் வாதம் தளர்ந்துவிடும்.

அப்படியானால் கேவிட்டியைத் தொடவே வேண்டாமா? அதுவும் சரியன்று. திறந்த பரப்பில் ஓடும் மின்னோட்டம் படலத்தின் கீழே ஒதுங்கிச் செல்ல வழியுண்டு. இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று அழுத்தித் தொடும் இடத்தில் அந்த வழியில்லை. அங்கே ஓட்டம் படலத்தைக் குறுக்கே கடந்தாக வேண்டும். நழுவும் விரல்கள், மூடியும் உருளையும் சேரும் விளிம்பு, தண்டின் அடி, வளையத்தின் நிலத்தொடர்பு, கனெக்டரின் நடுமுள் ஆகிய இடங்களில் சிறிதளவு கறையும் தளர்வும் கூடச் சக்தியை விழுங்கும். அதைவிடக் கொடியதாக, அனுப்பி ஒலிக்கும்போது நுண்ணிய பொரிவுகளை உண்டாக்கி, காரணம் புலப்படாத சடசடப்பாக ஏற்பியில் வந்து கேட்கும். பக்கத்தில் ஒருவர் நடந்தாலோ கதவைச் சாத்தினாலோ சடசடப்பு மாறுமாயின் தொடுமுகங்களில் ஒன்று கெட்டிருக்கிறது என்று பெரும்பாலும் நிச்சயிக்கலாம். கேவிட்டியின் நலத்தைத் தீர்மானிப்பது அதன் பளபளப்பு அன்று. தொடுமுகத்தின் இறுக்கமும் உருவத்தின் அளவு பிசகாமையுமே என்பது இவ்வாய்வில் நான் கண்ட முடிவு.

இடத்துக்கு இடம் பாதிப்பு வேறுபடுவதையும் சொல்லவேண்டும். தண்டு மூடியோடு சேரும் முனையில் மின்னோட்டம் உச்சநிலையில் இருக்கும். ஆகவே அங்குள்ள ஒரு தளர்ந்த திருகு, வேறெங்குமுள்ள பத்துத் திருகுகளைக் காட்டிலும் அதிகக் கேடு விளைவிக்கும். தண்டின் திறந்த முனையில் மின்னழுத்தம் உச்சநிலையில் இருக்கும்; அங்கே ஈரமோ தூசியோ பூச்சியோ சேர்ந்தால் இசைவு நகர்வதோடு, சில சமயம் தீப்பொறியும் பறக்கும். பயனில்லாத துளையொன்றைக் கண்டால் மண்கூடு கட்டும் குளவியும், சந்து எதுவாயினும் நுழையும் எறும்பும் மலைக்குடிலில் நிரந்தரக் குடிகள். ரப்பர் உறையைக் கொறிக்கும் எலியைச் சொல்ல வேண்டியதே இல்லை. கேவிட்டியின் துளைகளை நுண்கண்ணுள்ள பித்தளை வலையால் மறைப்பது, ஆண்டுதோறும் உள்ளே துடைப்பதைவிடச் சிறந்த பராமரிப்பு.

கறுப்பை மன்னிக்கலாம், பச்சையை மன்னிக்கலாகாது. சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்கு உவமையாகக் காட்டும் செம்பின் களிம்பு, முலாம் தேய்ந்த இடங்களில் ஈரத்தால் தோன்றுகிறது. வெள்ளியின் கரும்படலத்தைப் போல் மெல்லியதாகவும் சீராகவும் அது நிற்பதில்லை. தடித்து, பொருமி, ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, அடியிலுள்ள செம்பையும் அரித்துக் குழியாக்குகிறது. அலுமினிய உருளையில் பித்தளையோ செம்போ தொடும் இடங்களிலும் ஈரம் சேர்ந்தால் அலுமினியம் வெண்பொடியாக அரித்துப்போகும். தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் மழை பெறும் மலையில் இவ்வாபத்து ஆண்டில் பாதிக்கு மேல் நிலவுகிறது. இரவில் குளிர்ந்த உலோகத்தின் மீது விடியற்காலைக் காற்றின் ஈரம் துளிர்க்கும். அனுப்பி அடிக்கடி இயங்கும் ரிப்பீட்டரில் தன் சூட்டாலேயே அது உலர்ந்துபோகும். அரிதாக இயங்கும் ரிப்பீட்டரில் தங்கிவிடும். நாளெல்லாம் உழைக்கும் சாதனத்தைவிடச் சும்மா நிற்கும் சாதனமே விரைவில் களிம்பேறுவது இதனால்தான்.

சுத்தம் செய்யும் முறைகளில் நடைமுறையிலுள்ளவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். திருநீறு, பல்பொடி, உலோக மெருகுப் பசை ஆகிய உராய்வு முறைகள் முலாமையே தேய்த்தெடுக்கின்றன. ஐந்து மைக்ரான் ஆழத்தில் ஓட்டம் நடக்கும் பரப்பில் சில மைக்ரான்களை இழப்பது எவ்வளவு அபாயமென்று விளக்க வேண்டியதில்லை. அத்துடன் பசையின் மிச்சம் விரல்களின் இடுக்கில் தங்கித் தொடர்பைக் கெடுக்கும். இரும்பு நார் அதைவிடக் கொடிது. அதன் நுண்துகள்கள் உள்ளே தங்கித் துருப்பிடிப்பதோடு, காந்தத்தன்மையால் புதிய இரைச்சலையும் பிறப்பிக்கும். பென்சில் அழிக்கும் ரப்பரால் தொடுமுகங்களைத் தேய்க்கும் வழக்கம் அலுவலகங்களில் பரவியிருக்கிறது. அதுவும் ஓர் உராய்வே. கந்தகம் சேர்த்துப் பக்குவம் செய்யப்பட்ட ரப்பர் எதுவும் வெள்ளியின் பக்கத்திலேயே இருக்கக்கூடாது. கழற்றிய உறுப்புகளை ரப்பர் வளையம் போட்டுக் கட்டி வைப்பவர்கள், அடுத்த முறை அவிழ்க்கும்போது வளையம் இருந்த இடத்தில் கரிய கோட்டைக் காண்பார்கள்.

புளி, எலுமிச்சை முதலிய புளிப்புகள் செம்பின் களிம்பைக் கரைப்பது உண்மை. எனினும் அவற்றின் மிச்சம் நுண்துளைகளில் தங்கி மறுபடியும் களிம்புக்கு வித்தாகும். வேறு வழியற்ற இடத்தில், முற்றிலும் கழற்றி எடுக்கக்கூடிய உறுப்புக்கு மட்டும், பலமுறை வடிநீரில் அலசி உலர்த்தும் பொறுமையுள்ளவர் இதைச் செய்யலாம். கடைகளில் கிடைக்கும் வெள்ளி முக்குத் திரவங்கள் தயோயூரியா கலந்தவை. கறுப்பை நொடியில் நீக்கும். ஆனால் அவையும் மிச்சத்தை விட்டுச் செல்லும். ரசாயன முறைகளில் எனக்கு மதிப்பு உண்டாக்கியது ஒன்றே: வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து, அலுமினியத் தகட்டின் மீது வெள்ளி உறுப்பைத் தொடும்படி கிடத்தும் முறை. அலுமினியம் தன்னையே கொடுத்து, சல்ஃபைடிலுள்ள வெள்ளியை மீண்டும் வெள்ளியாக்குகிறது, உலோகம் தேய்வதில்லை. இணைப்பு வளையம் போன்ற சிறு உறுப்புகளுக்கு இது தகும். பற்றவைத்த மூட்டுகளும் ஓட்டைகளும் நிறைந்த முழுத் தண்டை இதில் முக்குவது, நீரை வெளியேற்ற முடியாமல் உள்ளே சிறைவைப்பதாக முடியும்.

இவை யாவற்றையும் எடைபோட்ட பின், பெரும்பாலான சந்தர்ப்பங்களுக்குப் போதுமானது எளிய முறையே என்ற முடிவுக்கு வருகிறேன்: மென்மையான தூரிகையால் தூசியை அகற்றுதல், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் உதிராத துணியால் விரல்களையும் அவை தொடும் பட்டையையும் துடைத்தல், விரல்களில் எதுவும் வளைந்தோ ஒடிந்தோ இருக்கிறதா என்று உருப்பெருக்கியால் பார்த்தல், நன்றாக உலர்ந்தபின் மூடுதல். வெறுங்கையால் தொட்ட இடத்தில் வியர்வையின் உப்பு தங்குமாதலால் பருத்திக் கையுறை அவசியம். நழுவும் விரல்களுக்கு எண்ணெய்ப் பசை இடலாமா என்பதில் கருத்து வேற்றுமை இருக்கிறது. உலோகப் பொடி கலந்த பசைகளை உள்ளே அனுமதிக்கவே கூடாது, மற்றவற்றிலும் இடாதிருப்பதே மேல் என்பது என் கொள்கை. தேய்ந்து விசையிழந்த விரல்களை எந்தத் திரவமும் மீட்காது, மாற்றித்தான் ஆகவேண்டும்.

ஆனால் துணியை எடுப்பதற்கு முன்னால் அளவியை எடுக்கவேண்டும். பராமரிப்பின் பெரும்பகுதி இங்கேயே இருக்கிறது. ரிப்பீட்டர் செவிடாகிவிட்டது என்ற புகார் வந்தவுடன், டூப்ளெக்ஸரின் ஆன்டெனா வாயில், ஆன்டெனாவை விலக்கிவிட்டு 50 ஓம் போலிச் சுமையை இணைத்து, பிரித்தெடுக்கும் சிறு சாதனத்தின் வழியாக மெல்லிய சைகை ஒன்றை ஊட்டி, அனுப்பியை நிறுத்தியும் இயக்கியும் ஏற்பியின் கூர்மையை ஒப்பிட வேண்டும். போலிச் சுமையோடும் குறை நீடித்தால் குற்றம் டூப்ளெக்ஸரிலோ, அனுப்பியிலோ, அவற்றை இணைக்கும் கேபிளிலோ இருக்கிறது. போலிச் சுமையோடு குறை மறைந்துவிட்டால், கேவிட்டிகள் குற்றமற்றவை. ஆன்டெனாவையும் நெடுங்கேபிளையும் கோபுரத்தையும் பார்க்கவேண்டும். துருப்பிடித்த ஒரு போல்ட்டும், தளர்ந்து உராயும் ஒரு வேலிக்கம்பியும் வலுவான அலையின் முன்னிலையில் இரைச்சல் உற்பத்தி செய்யும் சிறு யந்திரங்களாகிவிடுகின்றன. இந்த ஒரு பரீட்சையைச் செய்யாமலே எல்லாக் கேவிட்டிகளையும் அவிழ்த்து, துலக்கி, இசைவைக் குலைத்து, கடைசியில் கோபுரத்தின் மேலே ஒரு துருவைக் கண்டெடுக்கும் வேதனைக்குத் தொழிலாளர்களை ஆளாக்குவது நியாயமன்று.

டூப்ளெக்ஸரே குற்றவாளி என்று தெரிந்த பின்னும் முதலில் கேபிள்களையும் கனெக்டர்களையும் பார்ப்பதே முறை. கேவிட்டிகளை இணைக்கும் குறுங்கேபிள்கள் வெறும் இணைப்புகள் அல்ல. கால் அலைநீள அளவில் வெட்டப்பட்டு, தொகுதியின் கணக்கில் உறுப்பினராக இருப்பவை. பாலிஎத்திலீன் காப்புள்ள ஆர்.ஜி.214 கேபிளில் அலை வெற்றிடத்தைவிட மெதுவாக, 0.66 மடங்கு வேகத்தில் செல்வதால், கால் அலை என்பது 146 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் ஆகிறது. கனெக்டரின் நீளமும் அதில் அடக்கம். கைக்குக் கிடைத்த ஏதோ ஒரு கேபிளை அந்த இடத்தில் வைப்பது தொகுதியையே மாற்றுவதாகும். ஒற்றைப் பின்னலுறை கொண்ட மலிவான கேபிள்களின் வழியே கசியும் சக்தி ஒன்றே, கேவிட்டிகள் அரும்பாடுபட்டுச் சேர்த்த தனிமையை வீணாக்கப் போதும். இரட்டைப் பின்னலும் வெள்ளி முலாமும் உடையவையே இங்கே தகுந்தவை. பி.எல்.259 வகைக் கனெக்டரைவிட என்-டைப் ஈரத்தைத் தாங்குவதில் மேலானது.

அளவிகளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. கையிலடங்கும் நானோ வி.என்.ஏ. என்ற அளவி மலிவாகக் கிடைக்கத் தொடங்கியபின், முன்பு பெரிய ஆய்வுக்கூடத்தில் மட்டுமே சாத்தியமான அளவீடு மலைக்குடிலிலும் சாத்தியமாகிவிட்டது. இதை ஒரு பெரும் வரமாகவே கருதவேண்டும். ஆயினும் அதன் முதல் வகைகள் 70 டெசிபல் அளவுக்கு மேல் ஆழத்தைக் காண வல்லவையல்ல. 90 டெசிபல் தடுப்புள்ள முழுத் தொகுதியை அதில் அளந்தால், கருவியின் சொந்த இரைச்சலையே தடுப்பின் அடித்தளமாக எண்ணி ஏமாற நேரும். கேவிட்டிகளைத் தனித்தனியே அதில் இசைத்துவிட்டு, முழுத் தொகுதியின் இறுதித் திருத்தத்தைச் சைகை ஆக்கியும் கூர்மையான ஏற்பியும் கொண்டு செய்தல் வேண்டும். திறப்பதற்கு முன் ஒவ்வொரு கம்பியின் வெளிநீட்டத்தையும் அளந்து எழுதி, பூட்டு நட்டின் நிலையை வண்ணக்கோடிட்டுக் குறித்துக்கொள்வதும், திருத்தம் முடிந்து நட்டை இறுக்கியபின் மீண்டும் ஒருமுறை அளப்பதும் கட்டாயம். நட்டை இறுக்கும் அந்தக் கடைசித் திருப்பமே இசைவை நகர்த்திவிடுவது உண்டு. குளிர்ந்த நிலையில் இசைத்த கேவிட்டியை, அனுப்பி நெடுநேரம் இயங்கிச் சூடேறியபின் சரிபார்ப்பதும் இதில் சேரும்.

எப்போது செய்வது? ஜவ்வாது மலையில் வடகிழக்குப் பருவம் ஓய்ந்து வானம் தெளியும் தை, மாசி மாதங்களே திறந்து பார்க்க உகந்தவை. காற்றில் ஈரம் குறைவு, கோடையிடியும் தொடங்கியிராது. மழைக்காலத்து நடுவில் திறந்த கேவிட்டி, அன்றைய ஈரத்தையே உள்ளே வைத்து மூடப்படுகிறது. வருஷந்தோறும் அளவிட வேண்டும். வருஷந்தோறும் திறக்க வேண்டியதில்லை. அளவுகள் சென்ற ஆண்டைப் போலவே இருக்குமாயின், மூடியின் திருகாணியைத் தொடாமல் மலையிறங்குவதே திறமையான தொழிலாளிக்கு அழகு. அதற்கு ஆதாரமாக, இழப்பும் தடுப்பும் திருப்பியெறியும் சக்தியும், அன்றைய உஷ்ணத்தோடு எழுதப்பட்ட ஒரு குறிப்பேடு குடிலிலேயே தொங்கவேண்டும். அதிகாரிகள் மாறலாம், தொழிலாளர்கள் மாறலாம். அடுத்து வருபவருக்குச் சென்றவரின் எண்களே ஆசான்.

எஞ்சி நிற்பது மறுமுலாம் பற்றிய கேள்வி. முலாம் பெயர்ந்த தண்டைக் கண்டவுடன் பலர் பதறுகிறார்கள். அடியில் இருப்பது எந்த உலோகம் என்பதைப் பொறுத்தே பதறுவதும் பதறாதிருப்பதும் அமையவேண்டும். செம்பின் கடத்தும் ஆற்றல் வெள்ளியைவிடச் சில சதவீதமே குறைவு. ஆகவே செம்புத் தண்டில் வெள்ளி தேய்ந்தாலும், பரப்பு வழுவழுப்பாகவும் களிம்பின்றியும் இருக்கும்வரை இழப்பு அற்பமே. பித்தளையோ செம்பின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கைச் சற்றே கடந்தது. அங்கே முலாம் போனால் பரப்பின் தடை ஏறக்குறைய இருமடங்காகும், கேவிட்டியின் கூர்மையும் அந்த அளவுக்குக் குன்றும். மறுமுலாம் தேவைப்படுவது பித்தளை உறுப்புகளுக்கே. அதைச் சமவெளியில் உள்ள முலாம் பட்டறைகளில் கொடுக்க நேரும்போது, விளக்குகளுக்கும் பரிசுக் கோப்பைகளுக்கும் மெருகு வருவதற்காக வெள்ளிக்கு அடியில் நிக்கல் பூசும் வழக்கம் அங்கே உண்டு என்பதை அறிந்திருக்கவேண்டும். நிக்கல் காந்தத்தன்மை உடையது, கடத்துவதிலும் மட்டமானது. மேலே பூசிய வெள்ளி மெல்லியதாக இருந்தால் ஓட்டத்தின் ஒரு பகுதி நிக்கலிலேயே இறங்கிவிடும். எனவே, அடிப்பூச்சு செம்பாகவே இருக்கவேண்டும், நிக்கல் கூடாது, பளபளப்பூட்டும் சேர்மானம் வேண்டாம், வெள்ளியின் கனம் பத்து மைக்ரானுக்குக் குறையலாகாது என்று எழுதிக் கையில் கொடுத்து, உறுப்பு திரும்பி வந்ததும் ஒரு சிறு காந்தத்தை அருகில் பிடித்து, அது இழுபடுகிறதா என்று பார்த்தபின்பே மலைக்கு எடுத்துச் செல்லவேண்டும்.